கழற்றிய பிளக் எங்கே?

கொல்கத்தாவில் கார் வைத்திருப்பவர்களிடம், ஸ்பார்க் பிளக்கை வீட்டிலேயே மாற்றலாமா என்று கேட்டுப் பாருங்கள். லேக் மார்க்கெட் பக்கம் இரண்டு மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பமானாலும் சரி, பாலிகஞ்ச் வங்காளிக் குடும்பமானாலும் சரி, பதில் மாறாது. "அது மிஸ்திரி வேலை. இப்போ வர்ற வண்டியில நாம கை வைக்கக் கூடாது." பொறியியல் படித்தவர்கள்கூட இதையே சொல்கிறார்கள். கூடவே காரணங்களும் வரும். இப்போது எல்லாம் எலெக்ட்ரானிக்ஸ். சிலிண்டர் ஹெட் அலுமினியம், மரை போனால் எஞ்சினே போச்சு. வாரன்டி ரத்தாகும். மிஸ்திரி கூலியே கொஞ்சம்தான், அதற்கு ஏன் கையில் கரி? கடைசியாக, இந்த ஊர் ஃபிளாட் வாழ்க்கையில் வண்டியைக் கழற்ற இடம் எங்கே?

டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அதை விட்டுவிடுவோம். சாதாரணப் பெட்ரோல் கார் வைத்திருக்கும் பெரும்பாலோருக்கு இந்தக் கருத்து முழுக்கத் தவறு என்பதுதான் என் வாதம். இதனால் போவது கூலிக் காசு மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். போவது அதைவிடப் பெரியது.

பிளக்கின் நுனி எரி அறைக்குள் நிற்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 25 முறை பொறி விடுகிறது. பல்லாயிரம் கிலோமீட்டருக்கு உள்ளே நடந்த எரிதல் எல்லாம் அந்த நுனியில் படிந்திருக்கும். எஞ்சினைப் பிரிக்காமல், சிலிண்டருக்குள் நடந்ததை ஒரு சொந்தக்காரர் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் சாட்சி அது ஒன்றுதான். வெள்ளைப் பீங்கானில் வெளிர் பழுப்போ சாம்பல் நிறமோ இருந்தால் எரிதல் சீராக இருக்கிறது. உலர்ந்த கறுப்புக் கரி இருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது வண்டி எப்போதும் குட்டித் தூரமே ஓடுகிறது. கரி எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமாக இருந்தால் வால்வு சீலையோ பிஸ்டன் ரிங்கையோ தாண்டி ஆயில் உள்ளே வருகிறது. பீங்கான் வெளுத்துக் கொப்புளம் கொப்புளமாக இருந்தால் அறை அளவுக்கு மீறிச் சூடாகிறது. மூன்று பிளக்கில் இரண்டு பழுப்பாகவும் ஒன்று கறுப்பாகவும் வந்தால் கோளாறு எந்த சிலிண்டரில் என்பதும் தெரிந்துவிடும்.

சர்வீஸுக்கு விட்ட வண்டியில் இந்தச் சாட்சிக்கு என்ன ஆகிறது? பில்லில் 'ஸ்பார்க் பிளக் 3' என்று ஒரு வரி இருக்கும். பழைய பிளக்கைக் கேட்டால், ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்பார்கள். ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு அறிக்கையை நோயாளிக்குக் காட்டாமலே கிழித்துப் போடுவது போன்ற காரியம் இது. யாரோ ஒரு பையன் கழற்றினான், பார்த்தானா பார்க்கவில்லையா தெரியாது, குப்பைத் தொட்டியில் போட்டான். கறுத்திருந்த பிளக்கின் இடத்தில் புதியது வந்துவிட்டது. கறுக்கச் செய்த காரணம் உள்ளேயே இருக்கிறது.

இந்த ஊரில் இது இன்னும் முக்கியம். பிளக்கின் நுனி ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850 டிகிரிக்கு மேல் போனால் பொறிக்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அதன் வாழ்வு. ராஷ்பிகாரி அவென்யூவில் கரியாஹாட் வரை ஊர்ந்து, சிக்னலில் நின்று, பள்ளிக்கூட வாசலில் ஏசி ஓட எஞ்சினை அணைக்காமல் காத்திருந்து, திரும்பி வந்து நிறுத்தப்படும் கார் அந்த 450 டிகிரியைத் தொடுவது அபூர்வம். துர்காபூர் எக்ஸ்பிரஸ்வேயில் ஓடும் அதே மாடல் வண்டியின் பிளக் சுத்தமாக இருக்கும், இதனுடையது கரி பிடித்திருக்கும். கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான். பல கையேடுகள் குறுந்தூர ஓட்டத்தையும் தூசியையும் 'கடினச் சூழல்' என்று தனியாக வகைப்படுத்தி முன்கூட்டியே பார்க்கச் சொல்கின்றன, ஆனால் அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. நம் வண்டி எந்த வகை என்பதை பிளக்கைக் கழற்றிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இனி, 'இந்தக் காலத்து வண்டி' என்ற பயத்துக்கு வருகிறேன்.

பிளக் இந்த நகரத்துக்குப் புதியதல்ல. பாஷ் கம்பெனியின் பொருள்கள் இந்தியாவுக்கு வந்ததே கல்கத்தா வழியாகத்தான். 1922இல் இல்லிஸ் அண்ட் கம்பெனி என்ற முகவர் நிறுவனம் இங்கே விற்பனை அலுவலகம் திறந்தது. இந்தியாவிலேயே தயாரிப்பதற்கான மைக்கோ கம்பெனி 1951இல்தான் பிறந்தது. நம் அப்பாக்கள் 'மைக்கோ பிளக்' என்று கேட்டு வாங்கியது அதன் சரக்கு. ஹூக்ளிக்கு அக்கரையில் உத்தர்பாராவில் 1957இலிருந்து 2014 வரை அம்பாசடர் செய்யப்பட்டது. 1,489 சிசி பெட்ரோல் எஞ்சின் கொண்ட பழைய அம்பாசடரில் நாலு பிளக்கும் எஞ்சினின் பக்கவாட்டில் வரிசையாக, கைக்கு எட்டும் இடத்தில் இருந்தன. அதை ஓட்டியவர்கள் பிளக்கைக் கழற்றி, கம்பி பிரஷால் தேய்த்து, முனைகளுக்கு நடுவே சரியான இடைவெளி, அதாவது 'கேப்', வைத்து மாட்டுவதை சாலையோரத்திலேயே செய்தார்கள். சென்னையிலும் மதுரையிலும் பஜாஜ் ஸ்கூட்டர் வைத்திருந்த குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் உப்புத்தாள் துண்டையும் பிளக் ஸ்பேனரையும் டிக்கியில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனார்கள். இன்றும் கொல்கத்தாவின் எல்பிஜி ஆட்டோ ஓட்டுநர்களைப் பாருங்கள். கேஸைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட அதிக மின்னழுத்தம் வேண்டும், பிளக் சீக்கிரம் தேயும். அதனால் ஸ்டாண்டில் நிற்கும்போதே அவர்களே மாற்றிக்கொள்கிறார்கள்.

அந்த நாளைவிட இன்றைய வேலை கடினமா? எளிது என்கிறேன். அம்பாசடரில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து நாலு ஒயர் வரும். 1-3-4-2 என்ற பொறி வரிசையில் ஒன்றை மாற்றிச் செருகினால் வண்டி உதறும், வெடிக்கும், கிளம்பாது. பாயின்ட் கேப் இருந்தது, டைமிங் இருந்தது. இன்றைய மாருதி கே-சீரிஸ் போன்ற எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கின் தலைமேலும் அதற்கே உரிய இக்னிஷன் காயில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு 10 மில்லிமீட்டர் போல்ட், ஒரு கிளிப். ஒயர் வரிசை மாறிப் போக வழியே இல்லை. டைமிங்கைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது, நாம் அதைத் தொடுவதே இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் வந்தது பிளக் வேலையைச் சுலபமாக்கியிருக்கிறது. அதையே காட்டி மக்களை பானெட்டுக்கு வெளியே நிறுத்துவது நியாயமில்லை.

விதிவிலக்கு உண்டு. 2003இல் வந்த ஹோண்டா சிட்டியின் ஐ-டிஎஸ்ஐ எஞ்சினில் நாலு சிலிண்டருக்கு எட்டு பிளக். பின்வரிசை நாலையும் எடுப்பது பொறுமையைச் சோதிக்கும். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் பிளக் தெரியும் என்ற வண்டிகளும் உண்டு. அவற்றை மெக்கானிக்கிடம் விடுங்கள். ஆனால் இந்தத் தெருக்களில் நிற்கும் ஆல்டோக்களும் வேகன்-ஆர்களும் ஸ்விஃப்ட்களும் அந்த ரகமில்லை.

அலுமினிய ஹெட் பற்றிய பயம்தான் இருப்பதில் கனமான வாதம். அதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும். அலுமினியம் மென்மையானது, மரை கிழியும், உண்மை. எப்போது கிழியும்? எஞ்சின் சூடாக இருக்கும்போது கழற்றினால். கோணலாக ஏற்றி ஸ்பேனரால் திருகினால். நீண்ட கைப்பிடி போட்டுப் பலமாக முறுக்கினால். மூன்றும் அவசரத்தில் நடப்பவை. வாசலில் பத்து வண்டி வரிசையில் நிற்கும் ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் ஆற யார் காத்திருப்பார்கள்? ராத்திரி நிறுத்திய வண்டியை ஞாயிற்றுக்கிழமை காலையில் திறக்கும் சொந்தக்காரருக்கு அந்த நேரம் இருக்கிறது. அலுமினிய ஹெட் கேட்பது நிதானம். அது யாரிடம் அதிகம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

வேலையைக் கிட்டே போய்ப் பார்ப்போம். காயிலைக் கழற்றும் முன் அதைச் சுற்றியுள்ள தூசியை ஊதித் தள்ள வேண்டும். சைக்கிள் பம்பு போதும். இந்த ஊரில் ஆலஞ்சருகும் தூசியும் மழைக்காலச் சேறும் அந்தக் குழிக்குள் கிடக்கும். பிளக்கைக் கழற்றிய மறுகணம் அவை சிலிண்டருக்குள் விழும். காயிலை லேசாக இடம் வலம் திருப்பி, நேராக மேலே இழுக்க வேண்டும். உள்ளே ரப்பரோ காந்தமோ வைத்த பிளக் சாக்கெட்டை நீட்டிப்புக் கம்பியோடு இறக்கி, கால் சுற்று தளர்த்தி, மறுபடி ஒருமுறை ஊதிவிட்டு, பிறகு முழுக்கக் கழற்றுங்கள். எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்று தெரிகிற மாதிரி பிளக்குகளை ஒரு செய்தித்தாளின்மேல் 1, 2, 3 என்று வரிசையாக வையுங்கள்.

புதிய பிளக்கை ஏற்றும்போது ராட்செட் வேண்டாம். சாக்கெட்டும் நீட்டிப்புக் கம்பியும் மட்டும், அதையும் விரல் நுனியில் பிடித்து. முதலில் எதிர்ப்பக்கமாக மெதுவாகத் திருப்பினால், மரையின் வாய் வாயோடு பொருந்தும் இடத்தில் ஒரு சின்ன 'டக்' விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்புங்கள். விரல் பலத்திலேயே கடைசி வரை இறங்க வேண்டும். ஒன்றிரண்டு சுற்றிலேயே அடம்பிடித்தால் கோணலாக ஏறுகிறது, கழற்றி மறுபடி தொடங்குங்கள். ஸ்பேனரை விரலுக்கு முன் பிடிப்பவர்தான் மரையைக் கெடுப்பவர். வாஷர் ஹெட்டில் தொட்டு நின்றதும் டார்க் ரெஞ்ச். 14 மில்லிமீட்டர் மரை, அலுமினிய ஹெட் என்றால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20. 10 மில்லிமீட்டர் மெல்லிய பிளக்குக்கு 10 முதல் 12 மட்டுமே. டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால், வாஷர் தொட்ட பிறகு புதிய 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு அரை முதல் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு வரை. அந்த அரைச் சுற்றில் வாஷர் நசுங்கி உட்காருவது கைக்குத் தெரியும். பழைய பிளக்கையே திரும்பப் போடுகிறீர்கள் என்றால் வாஷர் ஏற்கெனவே நசுங்கிவிட்டது, பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று போதும். வாஷரே இல்லாத கூம்பு இருக்கை பிளக்குக்குப் பதினாறில் ஒரு பங்கு. பெட்டியிலேயே இதைப் படம் போட்டிருப்பார்கள். மரையில் கிரீஸ் தடவாதீர்கள், அது வழுக்கி அளவுக்கு மேல் முறுக்க வைக்கும். தளர்வாக விட்டாலும் ஆபத்துதான், ஏனென்றால் பிளக்கின் சூடு பெரும்பாலும் மரை வழியாகவும் வாஷர் வழியாகவும்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது.

இந்த எண்கள் ரகசியமல்ல. எத்தனை ஒர்க்‌ஷாப்பில் பிளக்குக்கு டார்க் ரெஞ்ச் எடுக்கிறார்கள் என்று நீங்களே போய்ப் பாருங்கள். 'கை அளவு' என்பார்கள். முப்பது வருஷம் கை பழகிய மிஸ்திரிக்கு அது சரியாகவே இருக்கும், அவரை நான் மதிக்கிறேன். ஆனால் நம் வண்டியில் கை வைப்பவர் எப்போதும் அவராக இருப்பதில்லை. பக்கத்தில் நிற்கும் பதினெட்டு வயதுப் பையனாகவும் இருக்கலாம்.

வாங்கும் இடத்தில்தான் எனக்கு உண்மையான எச்சரிக்கை உண்டு. பிளக் எண்ணைக் கையேட்டிலிருந்து எழுதிக்கொண்டு போங்கள். பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பதைக் குறிக்கும் சூட்டு எண் கம்பெனிக்குக் கம்பெனி தலைகீழ். என்ஜிகே, டென்ஸோ பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த ரகம், பாஷ் பிளக்கில் எண் கூடினால் சூடான ரகம். கடைக்காரர் "இதே சைஸ்தான்" என்று நீட்டினால் வாங்காதீர்கள். மரையின் நீளம் கூடினால் பிஸ்டன் இடிக்கலாம். போலிச் சரக்கு நிறைய உலவுகிறது, பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். நிக்கல் பிளக்கின் கேப்பை ஃபீலர் கேஜால் பார்த்துச் சரிசெய்யலாம். இரிடியம் பிளக்கின் நடு முனை 0.4 மில்லிமீட்டர் அளவுக்குக்கூட மெலிந்திருக்கும். அதில் கேஜை வைத்து நெம்பினால் உடையும், அப்படியே போடுங்கள்.

வாரன்டி பயம் பாதி வதந்தி. உதிரி பாகங்களையும் கருவிகளையும் தொழில்நுட்பத் தகவலையும் தங்கள் டீலர்களுக்குள்ளேயே பூட்டி வைத்தார்கள் என்று 14 கார் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரன்டி ரத்து என்று பொதுவாக நிபந்தனை போடக் கூடாது, தவறான ரிப்பேரால் வந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரன்டியை மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது. ஆணையம் பேசியது தனி மெக்கானிக்குகளைப் பற்றி, சொந்தக்காரர் தானே செய்வதைப் பற்றி அல்ல என்பதும் சரி. ஆனால் கை வைத்தாலே குற்றம் என்ற மிரட்டலுக்கு அடிப்படை இல்லை என்பதை அது காட்டிவிட்டது. 2022 டிசம்பரில் மத்திய அரசே 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஓர் இணையதளம் திறந்தது, வாகனத் துறையும் அதில் அடக்கம். வாரன்டி காலம் முடியும்வரை பொறுத்திருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் ஆட்சேபணை, வாரன்டி முடிந்து பல வருஷம் ஆன வண்டிக்கும் அதே பயத்தைச் சுமப்பதைப் பற்றி.

கூலி குறைவுதானே என்கிறார்கள். கூலியை நான் பேசவே இல்லை. பொறி விடாத சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோல் அப்படியே புகைக்குழாய்க்குப் போய், கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கும். பிளக்கின் விலையையும் அதன் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இடமில்லை என்பதும் வாதமாகாது. தெருவோரம் நிறுத்திய வண்டியில், சக்கரத்தைக்கூடக் கழற்றாமல், பானெட்டைத் திறந்து முடிக்கும் வேலை இது.

மிஸ்திரியின் பிழைப்பில் மண் போடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். இந்த ஊரில் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது, கேட்டவரின் மனசும் நல்ல மனசு. மிஸ்திரிக்குச் சேர வேண்டியது அவருடைய அறிவுக்கான கூலி. நோய் இன்னதென்று சொல்லி, எஞ்சினைத் திறந்து, பழுதை நீக்கும் வேலைக்குத் தாராளமாகக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு போகும் சொந்தக்காரரிடம் அவரும் வேறு மாதிரிதான் பேசுகிறார்.

எங்கள் கட்டடத்தில் ஒரு மாமா இருக்கிறார். அவருடைய பழைய வேகன்-ஆர் மிஸ்ஸிங் அடித்தது. ஒரு சர்வீஸ் சென்டரில் மூன்று காயிலும் மூன்று பிளக்கும் மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வீட்டு வாசலில் கழற்றிப் பார்த்தோம். மூன்றின் நுனியும் நல்ல பழுப்பு. இரண்டாவது பிளக்கின் வெளிப் பீங்கானில், அதாவது எரி அறைக்கு வெளியே இருக்கும் பகுதியில், எஞ்சின் ஆயில். காயிலின் ரப்பர் அந்த ஆயிலில் ஊறி உப்பியிருந்தது. நுனியில் ஆயில் என்றால் செலவு பெரிது. மேலே ஆயில் என்றால் வால்வு கவரிலிருந்து குழிக்குள் கசிவு. பிளக்கையும் காயிலையும் தெருமுனை மிஸ்திரியிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "டியூப் சீல் போயிருக்கு தாதா, கவர் கேஸ்கெட்டையும் சேர்த்து மாத்திடுங்க, காயில் எதுக்கு?" என்றார். சீல்களையும் கேஸ்கெட்டையும் அவரே மாற்றினார், ஒரு காயில் ரப்பரும் புதிதாகப் போட்டார், கேட்ட கூலியை மாமா கொடுத்தார். மூன்று பிளக்கையும் துடைத்து, கேப் பார்த்து, அந்தந்த சிலிண்டரிலேயே திரும்ப மாட்டினோம். வண்டி அதே பிளக்குகளோடு ஓடிக்கொண்டிருக்கிறது.